முக்கியமான இடத்தில் முத்திரை

பெரிய ஆஸ்பத்திரியின் மருந்து கவுண்டரில் ஒரு பெண் பதினெட்டு வருஷமாக மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். சீட்டை வாங்குவாள், படிப்பாள், அலமாரியிலிருந்து எடுப்பாள், பதிவேட்டில் ஒரு வரி எழுதுவாள், எந்த வேளைக்கு எத்தனை என்று சொல்லிக் கொடுப்பாள். டாக்டர்களின் கையெழுத்தை அந்த டாக்டர்களைவிட நன்றாகப் படிப்பாள். எல்லோருக்கும் அவள் மருந்தக்கா. பதினெட்டு வருஷமாக ஒரு வில்லங்கமும் இல்லாமல் நடந்துகொண்டிருந்த காரியம் என்பதால், நிர்வாகத்துக்கு அது வெகுநாளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை எட்டரைக்குச் சுற்றறிக்கை வந்தது. இன்று முதல் வயரில்லாத பார்கோடு ஸ்கேனரின் 'பீப்' சத்தம் கேட்காமல் ஒரு மாத்திரைகூடக் கவுண்டரைத் தாண்டக் கூடாது. அலமாரியில் ஒரு குப்பி குறைந்தாலும் திருட்டு வழக்கு. எட்டே முக்காலுக்கு இரண்டு பேர் வந்து பழைய பதிவேடுகளைக் கட்டி, அரக்கு வைத்து, தூக்கிக்கொண்டு போனார்கள். ஒன்பது மணிக்குக் கவுண்டர் திறந்தது. ஸ்கேனர் வந்தது வியாழக்கிழமை. நடுவில் கிடந்த மூன்று நாளைப் பற்றிச் சுற்றறிக்கையில் ஒரு வரியும் இல்லை.

மருந்தக்கா கண்காணிப்பாளரிடம் போய்க் கேட்டாள். கண்காணிப்பாளர் நல்ல மனிதர், யார் என்ன கேட்டாலும் உட்காரச் சொல்லிவிட்டு முடியாது என்பார். பழையதை எடுத்தால்தானே புதியது வர இடம் கிடைக்கும் என்று பொறுமையாக விளக்கினார். அதுவரை ஜனங்களுக்கு என்ன சொல்வது என்று கேட்டாள். டோக்கன் கொடுக்கச் சொன்னார். டோக்கன் கொடுப்பதற்குத் தடையில்லை.

அன்றைக்கு ஏழாம் நம்பர் டோக்கனோடு நின்றவர் தச்சர். எதிர்த் தெருவில் கதவு, ஜன்னல் செய்கிறவர், காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். அவருடைய ஏழு வயது மகளுக்கு வலிப்பு. காலையில் ஒரு மூடி, சாயங்காலம் ஒரு மூடி என்று ஒரு மருந்து உண்டு. அது உள்ளே போனால் குழந்தை ஓடும், ஆடும், பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும். போகாவிட்டால் நின்ற இடத்திலேயே விழும். அந்த மருந்து வெளிக்கடைகளில் வராது. இந்தக் கவுண்டருக்குப் பின்னால், மூன்றாவது தட்டில், வரிசையாக இருபது குப்பி நிற்கும். பத்து நாளைக்கு ஒரு குப்பி.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இருக்கு மருந்தக்கா," என்றார் தச்சர்.

"அதுக்குள்ள வந்துடும்ணே," என்றாள் அவள். நம்பித்தான் சொன்னாள். பதினெட்டு வருஷம் உள்ளேயே இருந்தும் அவளுக்குப் புத்தி வரவில்லை.

ஸ்கேனர் உண்மையில் புதன்கிழமை காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. நேராகக் கவுண்டருக்கு வர அது என்ன காய்ச்சல்காரரா? தபால் பிரிவு வழியாகத்தானே வர வேண்டும். தபால் பிரிவில் இருந்தவர் முத்திரையண்ணன். அந்த ஆஸ்பத்திரியில் அவர் முத்திரை படாமல் ஒரு காகிதம் உள்ளே நுழைந்ததில்லை. அதற்கு ஒரு விதியும் உண்டு. எப்போதோ ஒரு கடிதத்தில் யாரோ மூன்றை எட்டாக்கிவிட்டார்களாம். அன்றிலிருந்து, வருகிற காகிதம் எதுவானாலும், ஒவ்வொரு பக்கத்திலும் எது முக்கியமோ அதன் மேலேயே வட்ட முத்திரை விழ வேண்டும். ஓரத்தில், காலியிடத்தில் வைப்பதெல்லாம் முத்திரையே இல்லை. ஊதா மை லேசாக இருக்கும் என்பதால் அடியிலுள்ள எழுத்தை எப்படியாவது படித்துவிடலாம். அப்படியே இருபது வருஷம் ஓடிவிட்டது.

பெட்டிக்குள் துப்பாக்கி மாதிரி ஒரு ஸ்கேனர், அதை உட்கார வைக்கிற ஒரு பேஸ், நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு. கையேட்டில் எழுத்து குறைவு, கறுப்புக் கோடுகள்தான் கட்டுக் கட்டாக இருந்தன. முத்திரையண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டிப் பார்த்தார். ஒவ்வொரு பக்கத்திலும் எது முக்கியம் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

வியாழக்கிழமை கவுண்டருக்கு அவரே கொண்டுவந்து கொடுத்தார். "நாப்பத்தெட்டுப் பக்கம் தங்கச்சி. நூத்திப் பன்னெண்டு கோடு. ஒண்ணுகூட விடல," என்றார். தோள்பட்டையை நீவிக்கொண்டே சொன்னார். வலித்திருக்கும்.

அந்தக் கோடுகள்தான் கையேடே. ஸ்கேனர் வரும்போது தூங்கிக்கொண்டு வரும். 'அமைப்பைத் தொடங்கு' என்ற கோட்டின் மேல் அதன் சிவப்பு வெளிச்சத்தைக் காட்ட வேண்டும். பிறகு 'பேஸுடன் இணை'. பிறகு, ஒரு மருந்தின் நம்பர் முடிந்ததும் அடுத்தது புது வரியில் விழுவதற்கு ஒரு கோடு. கடைசியில் 'முடி'. நாலே கோடு, நாலே நிமிஷம். மருந்தக்கா முதல் கோட்டின் மேல் வெளிச்சத்தைக் காட்டினாள். ஊதா வட்டத்துக்கு நடுவில், 'பெறப்பட்டது' என்ற எழுத்துக்குக் கீழே, கோடுகள் மூச்சுமுட்டிக் கிடந்தன. ஸ்கேனர் உர் உர் என்று இரண்டு தரம் உறுமிவிட்டு அணைந்தது. சாய்த்துக் காட்டினாள், தள்ளிக் காட்டினாள், ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் காட்டினாள். உர் உர். நூற்றுப் பன்னிரண்டையும் காட்டிப் பார்த்துவிட்டாள். முத்திரையண்ணன் பொய் சொல்லவில்லை, ஒன்றைக்கூட விடவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் இனிமையாகப் பேசினாள், கோடு தெரிகிறதா என்று கேட்டாள். கோட்டுக்கு மேல் வட்டம் தெரிகிறது என்றாள் மருந்தக்கா. துடைத்துப் பார்க்கச் சொன்னாள். அரசாங்கத்தைத் துடைக்க முடியாதும்மா என்றாள் இவள். அப்படியானால் கையேடு தங்கள் வலைத்தளத்திலேயே இருக்கிறது, பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம் என்றாள். கவுண்டர் கம்ப்யூட்டரில் இணையம் கிடையாது. ஊழியர்கள் வேலை நேரத்தில் வேலை தவிர வேறு ஏதும் செய்துவிடக் கூடாது என்பதற்காக வெட்டியிருந்தார்கள். வெளியில் போய் எடுத்து வந்தாலும், முத்திரை படாத காகிதம் இங்கே செல்லாது.

வேறொரு கையேடு வாங்கித் தரும்படி கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுத்தாள். அவர் உட்காரச் சொன்னார். ஒரு முறை பெறப்பட்ட ஆவணத்தை மறுபடி பெற முடியாது, அப்படிப் பெற்றால் எது உண்மையான ஆவணம் என்ற குழப்பம் வரும் என்றார். வேண்டுமானால் நகல் எடுத்துக்கொள்ளலாம். நகல் எடுத்தாள். நகலில் முத்திரையும் சேர்ந்தே வந்தது. போதாக்குறைக்கு, அது உண்மை நகல்தான் என்பதற்காகக் கண்காணிப்பாளர் தன் பங்குக்கு ஒரு செவ்வக முத்திரை வைத்தார், அதுவும் முக்கியமான இடத்தில்.

வெள்ளிக்கிழமை ஒரு குழு கூடியது. ஆறு பேர். ஸ்கேனரை மேசைக்கு நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். முத்திரை வைத்த கோட்டைக் கருவி ஏற்கவில்லை என்று மருந்தக்கா தெளிவாகச் சொன்னாள், இரண்டு தரம் சொன்னாள், செய்தும் காட்டினாள். உர் உர். குழு அரைமணி நேரம் ஆலோசித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தது. முத்திரை மங்கலாக இருக்கிறது. கருவிக்கு நம்முடைய முத்திரை சரியாகத் தெரியவில்லை, தெரியாததால்தான் மதிக்க மாட்டேன் என்கிறது. ஆகவே ஊதா மையை ஒழித்துவிட்டுக் கறுப்பு மை வாங்குவது, எல்லாப் பக்கங்களிலும் அழுத்தமாக மறுமுத்திரை வைப்பது என்று தீர்மானம் போட்டார்கள். மருந்தக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் ஆமோதிப்பதாகக் குறிப்பில் எழுதினார்கள்.

எழுந்திருக்கும் நேரத்தில் கண்காணிப்பாளருக்கு இன்னொரு கவலை வந்தது. "வயர் இல்லேங்கறீங்களே, அப்ப இது எங்க வேணா போகுமே? யாரு பொறுப்பு?" என்றார். பத்து மீட்டர் வரை எடுத்துப் போவதற்குத்தான் வயரில்லாமல் செய்திருக்கிறார்கள் என்றாள் மருந்தக்கா. அந்தப் பத்து மீட்டரும் குழுவுக்குப் பெரிய பாதுகாப்பு ஓட்டையாகப் பட்டது. சாயங்காலத்துக்குள் இரண்டடிச் சங்கிலி ஒன்று வந்து, வயரில்லாத ஸ்கேனரைக் கவுண்டர் சுவரோடு கட்டிப் போட்டது. அலமாரி எட்டடி தள்ளி இருந்தது.

நடுவில் அவள் ஒரு முறை இயக்குநரின் அறைக்கே போனாள். தச்சரின் மகள் விஷயத்தைச் சொன்னாள். ஒரே ஒரு குப்பி, வெள்ளைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுகிறேன், ஸ்கேனர் ஓட ஆரம்பித்ததும் முதல் வேலையாக ஏற்றிவிடுகிறேன் என்று கெஞ்சினாள். இயக்குநர் பேனாவை மூடினார்.

"மருந்து கொடுக்கலேன்னா ஒரு குழந்தைக்குத்தான் கஷ்டம். கணக்கில்லாம கொடுத்தா இந்த அமைப்புக்கே கஷ்டம். எது பெருசுன்னு நீங்களே யோசிங்க," என்றார்.

யோசித்துப் பார்க்கும்படி சொன்னாரே தவிர, விடையைக் கேட்க அவர் அங்கே இருக்கவில்லை. கார் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தச்சர் வந்தார். குப்பியைச் சாய்த்து வைத்துக் கடைசி மூடியை எடுத்தாயிற்று என்றார். மூன்றாவது தட்டில் இருபது குப்பியும் அவர் கண்ணுக்கு நேராக நின்றன. மருந்தக்காவுக்கு மூன்றே எட்டுத் தூரம். நாளைக்கு வாங்கண்ணே என்றாள். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சரிக்கா என்று சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமையும் வந்தார், சரிக்கா என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பஸ் ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "கொடுத்தா வேலை போகும். கொடுக்கலேன்னா தூக்கம் போகும். எது போனா உனக்குப் பரவாயில்லையோ பாத்துக்க. நான் வண்டி ஓட்டறேன், பட்டினி கிடக்க மாட்டோம்," என்றார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பதினெட்டு வருஷத்து வேலை, கைவிட மனசு வரவில்லை. அதைச் சொல்லிக்கொள்ள அவளுக்கு வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை பயிற்சி வகுப்பு. ஸ்கேனரைச் சுவரில் கட்டியிருந்தபடியால் வகுப்புக்குக் கொண்டுவர முடியவில்லை. ஆளுக்கொரு ஸ்டேப்ளரைக் கையில் கொடுத்து, அதையே ஸ்கேனராக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஸ்டேப்ளரை ஒரு காலிப் பெட்டிக்கு நேரே நீட்ட வேண்டும், அழுத்த வேண்டும், வாயால் 'பீப்' என்று சொல்ல வேண்டும். முப்பது பேர் பீப் பீப் என்றார்கள். மருந்தக்காவின் பீப்பில் ஈடுபாடு போதவில்லை என்று பயிற்சியாளர் மறுபடி சொல்ல வைத்தார். நாற்பத்திரண்டு வயதுப் பெண், இரண்டு பிள்ளை பெற்றவள், எழுந்து நின்று மறுபடி பீப் என்றாள். சான்றிதழ் கொடுத்தார்கள். அதிலும் கறுப்பு முத்திரை, அவள் பெயருக்கு மேலேயே.

பிறகு இயக்குநர் பேசினார்.

"இத்தனை வருஷம் நாம மருந்து கொடுத்துக்கிட்டிருந்தோம். இனிமே மருந்து கொடுத்ததை நிரூபிக்கப் போறோம். நோயாளி பிழைச்சா டாக்டருக்குப் பேரு. கணக்கு பிழைச்சாத்தான் நமக்குப் பேரு. புது முறை வந்து இன்னையோட எட்டாவது நாள். இந்த எட்டு நாள்ல ஒரே ஒரு மருந்து ஆள் மாறிப் போயிருக்கா? இல்லை. ஒரே ஒரு மாத்திரை எண்ணிக்கை தப்பியிருக்கா? இல்லை. இந்த ஆஸ்பத்திரி சரித்திரத்துலேயே பிழையில்லாத வாரம் இதுதான்."

பலமாகக் கை தட்டினார்கள். ஒரு மருந்துகூடக் கொடுக்காத வாரத்தில் எப்படிப் பிழை வரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

மருந்தக்கா கவுண்டருக்குத் திரும்பியபோது தச்சர் நின்றுகொண்டிருந்தார். காதில் பென்சில் இல்லை. நேற்று மத்தியானம் குழந்தை வாசல்படியில் விழுந்துவிட்டது என்றார். படியின் முனை நெற்றியில் பட்டு மூன்று தையல். இந்த ஆஸ்பத்திரியில்தான் போட்டார்கள். தையல் போட ஸ்கேனர் கேட்கவில்லை.

"அந்தப் படி நான் செஞ்சதுக்கா. முனையைக் கொஞ்சம் இழைச்சிருக்கலாம். வேற வேலை அவசரத்துல விட்டுட்டேன்," என்றார்.

அந்த மனிதர் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டு நின்றதைக் கேட்டதும் மருந்தக்காவுக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பற்றி எரிந்தது. குழுவின் மேல் எரிந்தது, அந்தக் கைதட்டலின் மேல் எரிந்தது. எல்லோரையும்விடத் தன் மேல் அதிகமாக எரிந்தது. மூன்று நாளாகக் கைக்கெட்டிய குப்பியை எடுக்காத கையைப் பார்த்தாள். அதே கையில்தான் சற்று முன் ஸ்டேப்ளரைப் பிடித்துக்கொண்டு பீப் சொல்லியிருந்தாள்.

"இங்கேயே நில்லுங்கண்ணே," என்றாள்.

எதிர்த் தெரு ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். கம்பெனியின் வலைத்தளத்தைத் திறந்து ஒரே ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்தாள். நாலு கோடும், ஏதாவது தப்பானால் எல்லாவற்றையும் அழிக்கிற ஐந்தாவது கோடும் அதில் இருந்தன. சுத்தமான வெள்ளைக் காகிதம், அதில் எவனுடைய முத்திரையும் இல்லை. திரும்பி வந்தாள். தொடங்கு, பீப். பேஸுடன் இணை, பீப். புது வரி, பீப். முடி என்றதும் ஸ்கேனர் வரிசையாக மூன்று சத்தம் கொடுத்து, பேஸில் பச்சை விளக்கு எரிந்தது. நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்றாவது தட்டிலிருந்து குப்பியை எடுத்துவந்து, சங்கிலி எட்டுகிற இடத்தில் வைத்து வெளிச்சம் காட்டினாள். பீப். தச்சரின் கையில் கொடுத்தாள். பிறகு வரிசையில் நின்ற அத்தனை பேரையும் கூப்பிட்டாள். சர்க்கரைக்காரர்கள், ரத்த அழுத்தக்காரர்கள், எட்டு நாளாக டோக்கனை மட்டும் சேர்த்துக்கொண்டு போனவர்கள். ஒரு மணிக்குள் அறுபத்து மூன்று பேர். கம்ப்யூட்டரில் அறுபத்து மூன்று வரி, ஒன்றுகூடப் பிசகவில்லை.

ஒன்றேகாலுக்குக் கண்காணிப்பாளர் ஓடி வந்தார். அந்தக் கட்டடத்தில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

குற்றச்சாட்டு மூன்று. முத்திரையில்லாத காகிதத்தைக் கொண்டு அரசுக் கருவியை அமைத்தது முதலாவது. அப்படி அமைத்த கருவியிலிருந்து வந்தது அதிகாரபூர்வமான பீப் அல்ல என்பதால், அறுபத்து மூன்று மருந்துகள் பீப் இல்லாமலே போனதாகக் கருதப்படும், இது இரண்டாவது. அவற்றில் விலை உயர்ந்ததான வலிப்பு மருந்துக் குப்பியை, வழங்கப்பட்ட அதே நிலையில் மீட்க வேண்டும் என்பது மூன்றாவது. தச்சர் வீட்டுக்கு நோட்டீஸ் போயிற்று.

அதற்கும் முன்னால் கருவியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். வந்தபோது எப்படித் தூங்கிக்கொண்டு வந்ததோ அப்படியே. கையேட்டில் அதற்குள்ள கோடு முத்திரைக்குக் கீழே மாட்டியிருந்தது. மருந்தக்கா தன் காகிதத்தின் ஐந்தாவது கோட்டைக் காட்டித்தான் அழித்தாள். முத்திரையில்லாத அதே காகிதம்தான். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. அமைப்பதற்குத்தான் முத்திரை வேண்டும், கெடுப்பதற்கு வேண்டியதில்லை. கடைசியில் அந்தக் காகிதத்தைப் பறிமுதல் செய்யலாமா என்று பார்த்தார்கள். பறிமுதல் செய்தால் பெற்றதாக ஆகும், பெற்றால் முத்திரை வைக்க வேண்டும், முத்திரை வைத்துவிட்டால் அது முத்திரையில்லாத காகிதம் என்ற குற்றச்சாட்டே நிற்காது. ஆகவே அப்படி ஒரு காகிதமே இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். இல்லாத காகிதத்தை மருந்தக்கா மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். கவுண்டரில் மறுபடி டோக்கன் மட்டும் கொடுத்தார்கள்.

ஒன்பது நாள் கழித்துப் புதன்கிழமை விசாரணை. நீள மேசைக்கு அந்தப் பக்கம் இயக்குநர், கண்காணிப்பாளர். இந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் மருந்தக்கா. ஓரத்தில் முத்திரையண்ணன், புதுக் கறுப்பு மைத் தட்டோடு. தச்சரைக் கூப்பிட்டார்கள். அவர் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். குழந்தையின் நெற்றியில் தையல் பிரித்த இடம் சிவப்பாக, புழு மாதிரி நெளிந்து கிடந்தது. மருந்தக்காவைப் பார்த்ததும் அத்தை என்று கையை ஆட்டியது.

குப்பியை ஒப்படைக்கும்படி கண்காணிப்பாளர் கேட்டார். தச்சர் நோட்டீஸைப் பிரித்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு மகளை இரண்டடி முன்னால் நிறுத்தினார்.

"கொடுத்த நிலையிலேயே வேணும்னு எழுதியிருக்கீங்க. மருந்து இவ வயித்துக்குள்ள இருக்கு சார். எப்படி எடுக்கறதுன்னு எனக்குத் தெரியல. நீங்க படிச்சவங்க. எடுத்துக்குங்க," என்றார்.

குரலை உயர்த்தவில்லை. வேறு ஆளாக இருந்தால் அந்த இடத்தில் கூனிக் குறுகிப் போயிருப்பான். கண்காணிப்பாளர் குறுகவில்லை. குழந்தையைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பொருளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார், ஏதோ குறித்துக்கொண்டார்.

"மீதி இருக்குமே? குப்பியாவது கொண்டாந்தீங்களா?" என்றார்.

தச்சர் சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்தார். அடியில் இரண்டு மூடி மருந்து. இன்று சாயங்காலத்துக்கு ஒன்று, நாளைக் காலைக்கு ஒன்று. கண்காணிப்பாளர் கையை நீட்டி அதை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, முத்திரையண்ணன் பக்கம் நகர்த்தினார். பெறப்பட்ட பொருளாயிற்றே, முத்திரை வைக்க வேண்டுமே.

"அது என்னோடது அத்தை," என்றது குழந்தை.

மருந்தக்கா எழுந்தாள். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. மேசையைச் சுற்றிப் போய், முத்திரையண்ணனின் கைக்குக் கீழேயிருந்து குப்பியை எடுத்தாள். குழந்தையின் இரண்டு கையையும் சேர்த்து அதில் வைத்து மூடினாள். "கெட்டியாப் பிடிச்சுக்க கண்ணு. யார் கேட்டாலும் குடுக்காத," என்றாள். பிறகு இயக்குநரைப் பார்த்துத் திரும்பினாள்.

"மூணு நாள் நான் உங்க விதியைக் கேட்டேன் சார். கேட்டதுக்குக் கூலி அந்த நெத்தியில இருக்கு. இனிமே கேக்க மாட்டேன். என்ன செய்யணுமோ செஞ்சுக்குங்க."

இயக்குநர் முகம் கறுத்துவிட்டது. அங்கேயே உத்தரவு டைப் அடித்தார்கள். ஒரே பக்கம். இந்தப் பெயருடைய மருந்தாளுநர், இந்தத் தேதி முதல், இன்ன காரணத்தால், பணியிடை நீக்கம் செய்யப்படுகிறார். இயக்குநர் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை முத்திரையண்ணன் முன்னால் வீசினார். முத்திரை விழாமல் எந்த உத்தரவும் செல்லாது.

முத்திரையண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். உத்தரவை நிதானமாகப் படித்தார். ஒரு முறை குழந்தையின் நெற்றியைப் பார்த்தார். முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு தயங்கினார்.

"இதுல எது முக்கியம்னு எடுத்துக்கறது சார்?" என்று கேட்டார்.

"என்னய்யா கேள்வி இது? இதுல இருக்கறது எல்லாமே முக்கியம்தான்!" என்று இரைந்தார் இயக்குநர்.

"சரிங்க சார்," என்றார் முத்திரையண்ணன்.

கறுப்பு மையில் முத்திரையை நன்றாக அமுக்கி எடுத்தார். மருந்தக்காவின் பெயர் மேல் ஒன்று. தேதி மேல் ஒன்று. பணியிடை நீக்கம் என்பது நீளமான சொல், அதற்கு மூன்று. காரணத்துக்கு வரிக்கு நாலு. உத்தரவு எண் மேல் ஒன்று. இயக்குநரின் கையெழுத்து முக்கியமில்லை என்று யார் சொல்ல முடியும், அதன் மேல் இரண்டு. குழு தீர்மானித்தபடி அழுத்தமாக, தெளிவாக, டக் டக் என்று வைத்துக்கொண்டே போனார். யாராவது நிறுத்தச் சொல்வதற்குள் இருபத்தெட்டு முத்திரை விழுந்து முடிந்துவிட்டது. பிறகு இரண்டு கையாலும் காகிதத்தை மரியாதையாக எடுத்து இயக்குநரிடம் நீட்டினார். அவர் வேண்டுமென்று செய்தாரா, இருபது வருஷத்துப் பழக்கமா என்பது அவருக்கே வெளிச்சம். மருந்தக்கா இன்றுவரை கேட்டதில்லை.

இயக்குநர் காகிதத்தைக் கிட்டே பிடித்தார், தள்ளிப் பிடித்தார், ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வேறொன்று அடிக்கச் சொன்னார். கண்காணிப்பாளர் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஒரு முறை பெறப்பட்ட ஆவணத்தை மறுபடி பெற முடியாது சார் என்று அவரை உட்காரச் சொன்னார். வேண்டுமானால் நகல் எடுத்துக்கொள்ளலாம். அதுவும் வேண்டாமென்றால் புது எண், புது விசாரணை, புதுக் குழு.

மருந்தக்கா அங்கே நின்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தச்சரையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு கவுண்டருக்குப் போனாள். பர்ஸிலிருந்து இல்லாத காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். நாலு கோடு, நாலு பீப். பச்சை விளக்கு எரிந்தது. மூன்றாவது தட்டிலிருந்து பத்து நாளைக்கான குப்பியைக் கொண்டுவந்தாள். அதைத் தான்தான் அழுத்துவேன் என்று குழந்தை அடம் பிடித்தது. சங்கிலி எட்டும் மட்டும் ஸ்கேனரை இறக்கிக் கொடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுத்தியது. பீப் என்றதும் சிரித்தது.

பணியிடை நீக்கக் கோப்பு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அந்த உத்தரவில் என்ன எழுதியிருந்தது என்று கண்டறிய ஒரு குழு போட்டிருக்கிறார்கள், அது மூன்று முறை கூடிவிட்டது. தச்சர் வாசல்படியின் முனையை இழைத்துவிட்டார். குழந்தை நெற்றியில் அந்த மூன்று தையலின் தழும்பு அப்படியேதான் இருக்கிறது. அதை மறைக்கிற முத்திரை ஒன்று அந்த ஆஸ்பத்திரிக்கு இதுவரை வந்து சேரவில்லை.